எக்ஸ்ரே அறையில் வேலை: ‘உதவியாளர்’ என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டலாமா?

எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு கல்விக் கண்காட்சிக்குப் போகும் பெற்றோர் ஒரு பை நிறைய வண்ணத் தாள்களோடு வீடு திரும்புகிறார்கள். அந்தத் தாள்களில் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்குத்தான் நம் வீடுகளில் முதல் மரியாதை. டாக்டருக்குப் படிக்க வைக்க வசதியில்லை. தாதியர் வேலைக்குப் பிள்ளைக்கு விருப்பமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடும்போது கண்ணில் படுவது எக்ஸ்ரே துறை. இணையத்தில் தேடினால் ‘ரேடியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட்’ என்று ஒரு வேலை, அதற்கு நல்ல சம்பளம், அருமையான எதிர்காலம் என்றெல்லாம் வருகிறது.

படித்துப் பார்த்தால் அது அமெரிக்காவில் உள்ள வேலை. மலேசியாவில் அந்தப் பெயரில் பதிவு பெற்ற தொழில் இல்லை. இதை முதலிலேயே தெரிந்து கொண்டால் பல ஆயிரம் ரிங்கிட்டும் இரண்டு மூன்று வருடங்களும் மிச்சமாகும்.

டெங்கிலில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். புத்ராஜெயா உருவானபோது பேராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களில் இருந்த நம்மவர் குடும்பங்கள் 1990களின் இறுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. தாத்தா பால் மரம் சீவியவர், அப்பா லாரி ஓட்டுபவர் அல்லது தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர். பிள்ளைதான் அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறது. வீட்டைச் சுற்றி அரை மணி நேரக் கார் பயணத்துக்குள் புத்ராஜெயா மருத்துவமனை, தேசியப் புற்றுநோய்க் கழகம், சைபர்ஜெயா மருத்துவமனை, செர்டாங்கில் சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனை என்று எத்தனையோ எக்ஸ்ரே பிரிவுகள். அங்கே நம் பிள்ளையும் வேலை செய்யலாமே என்ற ஆசை நியாயமானது. ஆனால் இந்த வீட்டுக்கு ஒரு முறைதான் கடன் வாங்கத் தெம்பு உண்டு. தவறான படிப்பில் சேர்ந்துவிட்டால் இன்னொரு தடவை தொடங்க முடியாது.

இரண்டு பேர், இரண்டு பாதை

எக்ஸ்ரே பிரிவில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டு பேரை. படத்தைப் பார்த்து ‘இது நிமோனியா, இது எலும்பு முறிவு, இது கட்டி’ என்று அறிக்கை எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். அவர் மருத்துவர். ஐந்து வருட மருத்துவப் படிப்பு, இரண்டு வருட ஹவுஸ்மேன் பயிற்சி, பிறகு சில காலம் மருத்துவ அதிகாரி வேலை, அதற்கும் மேல் நான்கு வருட முதுநிலைப் படிப்பு என்று நடந்து வந்தவர். முப்பது வயதைத் தாண்டித்தான் பெரும்பாலோர் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள்.

நம்மை அறைக்குள் கூப்பிட்டு, நிறுத்தி, திருப்பி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, படம் எடுப்பவர் ரேடியோகிராபர். அரசாங்க மருத்துவமனைகளில் ‘ஜூரு எக்ஸ்ரே’ என்பார்கள். நோயாளிகள் பெரும்பாலும் பார்ப்பது இவரைத்தான். ரேடியாலஜிஸ்ட் வேறோர் அறையில் திரைக்கு முன்னால் இருப்பார். பல நோயாளிகள் அவர் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மலேசியாவில் ரேடியாலஜிஸ்டின் வலது கையாக இருப்பவர் யார் என்று கேட்டால், இந்த ரேடியோகிராபர்தான்.

அப்படியென்றால் அமெரிக்காவில் சொல்லப்படும் அந்த ‘அசிஸ்டென்ட்’ யார்? அங்கே ரேடியாலஜிஸ்ட் சங்கமும் ரேடியோகிராபர் சங்கமும் 2003ஆம் ஆண்டு சேர்ந்து பேசி அந்தப் பதவிக்கு வரையறை வகுத்தன. 2005 முதல் அதற்கென்று தனித் தேர்வும் சான்றிதழும் வந்தன. அவர் ரேடியாலஜிஸ்டின் மேற்பார்வையில் சில சோதனைகளைத் தாமே செய்வார், நோயாளியை மதிப்பிடுவார், படத்தில் கண்டதை ரேடியாலஜிஸ்டிடம் சொல்வார். ஆனால் நோய் இன்னதென்று முடிவு செய்யவோ, அறிக்கையில் கையெழுத்திடவோ, மருந்து எழுதவோ அவருக்கு உரிமை இல்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பதவிக்குப் போக விரும்புபவர் ஏற்கனவே சான்று பெற்ற ரேடியோகிராபராக இருக்க வேண்டும். பள்ளியை முடித்துவிட்டு நேராக ‘அசிஸ்டென்ட்’ ஆக அமெரிக்காவிலும் வழி கிடையாது. பிரிட்டனிலும் இதே கதைதான். அங்கே 1990களில் இருந்து கூடுதல் பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்கள் சில வகைப் படங்களுக்குத் தாங்களே அறிக்கை எழுதுகிறார்கள். அவர்களும் முதலில் ரேடியோகிராபர்கள்தான்.

ஆகவே எந்த ஊரில் இருந்து புறப்பட்டாலும் முதல் நிறுத்தம் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு இந்தத் துறையில் சற்று இளக்கம் இருந்தது. தனியார் கிளினிக்கில் வேலை பார்த்துக் கொண்டே கற்றுக் கொண்டவர்கள் உண்டு. இப்போது அப்படி இல்லை. 2016ஆம் ஆண்டின் சுகாதாரத் துணைத் தொழில்கள் சட்டம், அதாவது 774ஆம் சட்டம், 2020 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் 23 தொழில்கள் உள்ளன. படம் எடுக்கும் ரேடியோகிராபர் அதில் ஒருவர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பவர் தனியாக வருகிறார். இந்தத் தொழில்களைச் செய்ய விரும்புபவர் மன்றத்தில் பதிந்து, தொழில் புரியும் சான்றும் வைத்திருக்க வேண்டும். ‘ரேடியாலஜிஸ்ட் உதவியாளர்’ என்று அந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை.

‘கிளினிக்கல் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் கேர் சான்றிதழ்’ என்ற பெயரில் குறுகிய காலப் படிப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கிளினிக் முகப்பில் பதிவு எழுதவும், நோயாளியைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போகவும், மருத்துவருக்குக் கைக்கு உதவியாக நிற்கவும் அவை போதும். ஆனால் எக்ஸ்ரே பொத்தானை அழுத்த அந்தத் தாள் உதவாது. ‘முதலில் இதில் சேருங்கள், பிறகு அப்படியே ரேடியோகிராபர் ஆகலாம்’ என்று யாராவது சொன்னால், அந்த ‘அப்படியே’ என்ற சொல்லைத்தான் பிடித்துக் கொண்டு கேள்வி கேட்க வேண்டும்.

படிக்கும் இடங்கள்

எஸ்.பி.எம். முடித்ததும் டிப்ளோமாவுக்குப் போகலாம், மூன்று வருடம். பொதுவாக ஐந்து பாடங்களில் கிரெடிட் எதிர்பார்க்கிறார்கள். கணிதமும் ஓர் அறிவியல் பாடமும் இருந்தே ஆக வேண்டும். மலாய், ஆங்கில மொழித் தகுதியும் பார்க்கப்படும். கணக்கில் கோட்டை விட்ட பிள்ளைக்கு இங்கேதான் தடை விழுகிறது. அப்படிப்பட்டவர்கள் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதிவிட்டு வருவது, கிடைத்த படிப்பில் போய்ச் சேருவதைவிட எவ்வளவோ மேல்.

சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில், குறிப்பாகச் சுங்கை பூலோவில், ரேடியோகிராபி டிப்ளோமா உண்டு. இதற்குப் பொதுச் சேவை ஆணையத்தின் வழி ஆள் எடுத்து வந்திருக்கிறார்கள். விளம்பரம் வந்து சில நாட்களில் விண்ணப்பம் மூடிவிடும் என்பதால் பலர் தவற விடுகிறார்கள். தனியார் துறையில் நீலாயில் உள்ள கே.பி.ஜே. பல்கலைக்கழகமும் பண்டார் சௌஜானா புத்ராவில் உள்ள மாசா பல்கலைக்கழகமும் மருத்துவப் படிமம் என்ற பெயரில் இந்தப் படிப்பை நடத்தி வந்துள்ளன. இரண்டுமே டெங்கிலில் இருந்து எட்டிவிடும் தூரம்தான். விடுதிச் செலவு இல்லாமல் வீட்டில் இருந்தே போய்வர முடிந்தால் அதுவே ஒரு கல்வி உதவி நிதி மாதிரி.

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்தவர்களுக்குப் பட்டப்படிப்பு, நான்கு வருடம். கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் வளாகம், குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகம், குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவை நெடுங்காலமாக இதைக் கற்றுத் தருகின்றன. எஸ்.டி.பி.எம். என்றாலே ஒதுங்கிப் போகும் பிள்ளைகள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். ஆறாம் படிவம் ஏறக்குறையச் செலவில்லாத வழி. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் நான்கு வருடப் பட்டம், தனியார் கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமாவைவிடக் குறைந்த செலவில் முடிந்துவிடலாம்.

வேலையில் சேரும்போது இந்த வேறுபாடு சம்பளத்தில் தெரியும். டிப்ளோமாக்காரர்கள் யு29 என்றும் பட்டதாரிகள் யு41 என்றும் அரசாங்கச் சேவையில் சொல்லப்பட்டு வந்த தரங்கள், 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வந்தபின் யு5, யு9 என்று மாறின. டிப்ளோமா முடித்து வேலை பார்த்துக் கொண்டே பட்டம் படித்தவர்களும் நிறையப் பேர் உண்டு.

கதவு மூடிய பிறகு

‘பொத்தானை அழுத்துகிற வேலைதானே, இதற்கு ஏன் மூன்று வருடம்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்துக் கொள்வோம்.

நோயாளியின் நெஞ்சு தகட்டின் மேல் பதிந்திருக்க, முதுகுப் பக்கத்தில் இருந்து கதிர் வர வேண்டும். முன்னால் இருந்து வந்தால் இருதயம் தகட்டில் இருந்து விலகி நிற்பதால் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பிறகு வீங்கிய இருதயம் என்று யாராவது பயந்து போவார்கள். கதிர்க் குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் வேண்டும். தோள்களை முன்னால் உருட்டினால்தான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம் மூச்சு. நன்றாக இழுத்துப் பிடித்தால்தான் நுரையீரலின் அடிப்பகுதி வரை விரியும். பாதி மூச்சில் எடுத்த படத்தில் அடிப்பகுதி மங்கலாகி, இல்லாத நோயைக் காட்டும், இருக்கிற நோயை மறைக்கும்.

இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, தோட்டத்தில் வாழ்ந்து எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் இதைச் செய்ய வைப்பது. ‘தாரிக் நாஃபாஸ், தாஹான்’ என்றால் சில பாட்டிகள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மூச்சை விட்டுவிடுவார்கள். அறையில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்து, ‘மூச்ச நல்லா இழுங்க பாட்டி, புடிச்சிக்கிட்டே இருங்க, ம்... இப்ப விடுங்க’ என்று சொன்னால் ஒரே படத்தில் வேலை முடிந்துவிடும். இரண்டாம் படம் எடுத்தால் இரண்டாம் முறை கதிர் படும். மொழி தெரிந்தவர் அங்கே இருப்பது வெறும் பாசத்துக்காக இல்லை.

கழுத்தில் தாலிக்கொடி இருக்கும். படத்தில் அது வெள்ளைக் கோடாக விழுந்து பின்னால் உள்ளதை மறைக்கும். ஐம்பது வருடமாகக் கழற்றாத தாலியைக் கழற்று என்று ஒரு சின்னப் பெண் சொன்னால் அந்த அம்மாவின் முகம் எப்படிப் போகும்? எந்தப் படத்துக்குக் கட்டாயம் கழற்ற வேண்டும், எதற்குக் கொடியைப் பார்வைக்கு எட்டாமல் மேலே தூக்கிப் பிடித்தால் போதும் என்று தெரிந்தவருக்குத்தான் பக்குவமாகப் பேச வரும். காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. அறை என்றால் பேச்சுக்கே இடமில்லை. ஊசி, சாவி, சக்கர நாற்காலி என்று இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. இருதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவரா என்று கேட்காமல் யாரையும் கதவைத் தாண்ட விடக் கூடாது.

இளம்பெண் ஒருவர் வயிற்று எக்ஸ்ரேக்கு வருகிறார். பக்கத்தில் அம்மா. ‘கடைசியாக மாதவிடாய் எப்போது? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?’ என்று கேட்டே ஆக வேண்டும். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்பதா, எப்படிக் கேட்பது என்பதெல்லாம் பயிற்சிக் காலத்தில் மூத்தவர்களைப் பார்த்துக் கற்பது. சி.டி. ஸ்கேனுக்கு நரம்பில் மருந்து ஏற்றுவதென்றால் இனிப்புநீர் உள்ளவரா, சிறுநீரகம் எப்படி, முன்பு ஏதாவது ஊசிக்கு உடம்பு தடித்ததா என்ற கேள்விகள். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரிபார்க்காமல் தொடங்கக் கூடாது. ஒரே நாளில் மூன்று முனியம்மாக்கள் வரக்கூடிய நாடு இது.

இருட்டறையில் பிலிம் கழுவும் காலம் போய்விட்டது. 1999இல் செலாயாங்கிலும் அடுத்த ஆண்டு புத்ராஜெயாவிலும் தொடங்கிய மருத்துவமனைகள் படங்களைக் கணினியில் பார்க்கும் முறையோடு வந்தன. கருவி மாறினாலும் பாட்டியின் மூச்சு மாறவில்லை.

கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. கேட்கத்தான் வேண்டும்.

மண், காற்று, வான்வெளி என்று இயற்கையிலேயே நம் உடம்பில் வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு படுகிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோதான். நெஞ்சு சி.டி. ஸ்கேன் அதைப் போல் பல மடங்கு. வேலை செய்பவருக்கான வரம்பு வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1. ரேடியோகிராபர் சுவருக்கு அப்பால் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் பொத்தானை அழுத்துகிறார். அறைக்குள் இருக்க வேண்டிய சோதனைகளில் ஈய அங்கி அணிகிறார். சட்டையில் குத்தியிருக்கும் சிறிய அட்டை அவர் மேல் எவ்வளவு பட்டது என்பதை அளந்து கொண்டே இருக்கும். அதை முறையாக அனுப்பிக் கணக்குப் பார்க்கிறார்கள். கருவுற்றவர் அதை உடனே மேலாளரிடம் சொல்லிவிட்டால் வேலையை மாற்றி அமைப்பார்கள். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்த வகைக் கதிர்வீச்சே கிடையாது.

மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் மேமோகிராம் சோதனைக்குப் பெண் ரேடியோகிராபர்தான் வேண்டும் என்று நம் பெண்கள் கேட்கிறார்கள். ஆண் இருந்தால் திரும்பிப் போய்விடுபவர்களும் உண்டு. அந்தப் பிரிவில் மேற்பயிற்சி பெற்ற பெண்ணுக்கு வேலைக்கும் குறைவில்லை, மதிப்புக்கும் குறைவில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் என்று ஒவ்வொரு பிரிவிலும் இப்படி மேலே போக வழி உண்டு. ‘ரேடியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட்’ என்று அமெரிக்காவில் சொல்லும் வேலைக்கு நம் நாட்டில் மிக அருகில் வருபவர்கள் இவர்களே.

டெங்கிலுக்கே உரிய ஒரு குழப்பம்

டெங்கில்காரர்களுக்கு இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அணுசக்தி உரிம வாரியம் என்று பல ஆண்டுகள் அறியப்பட்டு, இப்போது அணுசக்தித் துறை எனப்படும் அலுவலகம் டெங்கில் சாலையில்தான் இருக்கிறது. பக்கத்திலே பாங்கியில் மலேசிய அணுக்கழகம். அங்கே உள்ள ஆய்வு அணு உலை 1982இல் இயங்கத் தொடங்கியது. இந்த வட்டாரத்தில் ‘ரேடியோகிராபி பயிற்சி’ என்று காதில் விழுந்தால் அது பெரும்பாலும் தொழில்துறை ரேடியோகிராபியாக இருக்கும். எண்ணெய்க் குழாய்களிலும் கொதிகலன்களிலும் பற்றவைத்த இடம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் பார்க்கும் வேலை அது. நல்ல வேலைதான், நல்ல சம்பளமும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழோடு மருத்துவமனைக்குப் போக முடியாது. மருத்துவக் கதிர்வீச்சுக்கு உரிமம் கொடுப்பது சுகாதார அமைச்சு. பெயர் ஒன்று, பாதை வேறு.

பணம் கட்டும் முன்

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் படிப்பின் முழுப் பெயரை எழுதி வாங்கிக் கொண்டு, எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அது இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்பதும் அதில் தெரியும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது. அதோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் படிப்பை முடித்தவரை 774ஆம் சட்டத்தின் கீழ் ரேடியோகிராபராகப் பதிந்து கொள்வார்களா என்பது தனிக் கேள்வி. அதற்கு மன்றத்திடமே நேரடியாகக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். எந்த மருத்துவமனையில் பயிற்சி, எத்தனை வாரம் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே பயிற்சிக்கு இன்னும் இடம் பிடிக்கவில்லை என்று பொருள்.

‘விண்ணப்பம் போயிருக்கிறது, வந்துவிடும், அதற்குள் இடம் நிரம்பிவிடும், இன்றே முன்பணம் கட்டிவிடுங்கள்’ என்று கல்லூரி முகவர் அவசரப்படுத்தலாம். வந்த பிறகு கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு, அவருடைய பெயரையும் அந்த வாக்குறுதியையும் கல்லூரிக் கடிதத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.